கீழப்பழுவூருக்கு ஏ.ஆர். எதற்கு?

ஆக்மென்டட் ரியாலிட்டி என்று பேச்சை எடுத்தாலே எங்கள் பக்கத்தில் பதில் தயாராக வந்து விழும். "அதெல்லாம் சென்னை, பெங்களூர் சமாச்சாரம். காசு இருக்கிறவன் கண்ணாடி மாட்டிக்கொண்டு விளையாடுவான். கீழப்பழுவூருக்கு அது எதற்கு?" ஆசிரியர்கள் இதைச் சொல்கிறார்கள். பொறியியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். ஊர்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்களும் சொல்கிறார்கள். முதலில் சாலையும் குடிநீரும் பேருந்தும் ஒழுங்காக வரட்டும், இந்தப் பொம்மையைப் பிறகு பார்க்கலாம் என்பது அவர்கள் வாதம்.

அக்கறையில் பிறந்த வாதம் என்பதால் அதை மரியாதையோடு எடுத்துக்கொண்டு வரிசையாக மறுக்க விரும்புகிறேன். இந்தக் கருத்து அடிப்படையிலேயே தலைகீழாக இருக்கிறது. பொருள் கண்முன்னே கிடக்க, அதைப் பற்றிய அறிவு வேறெங்கோ கிடக்கிற ஊருக்குத்தான் இந்தத் தொழில்நுட்பம் முதலில் தேவை. அப்படிப்பட்ட ஊர்களின் முன்வரிசையில் கீழப்பழுவூரும், அதைச் சுற்றியுள்ள அரியலூர், பெரம்பலூர் வட்டாரமும் நிற்கின்றன.

முதலில் ஏ.ஆர். என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தமிழில் மிகை மெய்ம்மை என்கிறார்கள். எதிரே இருக்கிற உண்மையான காட்சியின்மேல், கணினி தரும் படத்தையோ எழுத்தையோ கோட்டையோ சரியான இடத்தில் பொருத்திக் காட்டுவது அது. ரொனால்டு அஜுமா என்ற ஆய்வாளர் 1997-ல் இதற்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தார். உண்மையும் கணினிப் படமும் கலந்திருக்க வேண்டும். நாம் நகர்ந்தால் அந்தக் கணமே அதுவும் ஈடுகொடுக்க வேண்டும். முப்பரிமாணத்தில் பொருளோடு ஒட்டி நிற்க வேண்டும். இந்த அளவுகோல் இன்றும் செல்லும். மெய்நிகர் உலகமான வி.ஆர். கண்ணை மூடி வேறோர் உலகத்துக்குக் கொண்டுபோகிறது. ஏ.ஆர். இருக்கிற இடத்திலேயே நம்மை நிறுத்தி, இருக்கிற பொருளையே பார்க்கச் சொல்கிறது.

செல்பேசியில் இது நடக்கும் விதம் எளிதில் புரியக்கூடியது. கேமரா தன் முன்னே உள்ள காட்சியில் மூலை, விளிம்பு, கறை என்று தனித்துத் தெரியும் புள்ளிகளைப் பிடித்துக்கொள்கிறது. போன் அசையும்போது அந்தப் புள்ளிகள் எப்படி இடம் மாறுகின்றன என்பதையும், உள்ளே இருக்கும் ஜைராஸ்கோப்பும் முடுக்கமானியும் சொல்வதையும் சேர்த்து, போன் இப்போது எங்கே, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று நொடிக்குப் பல முறை கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு சரியாக இருந்தால், திரையில் வைத்த படம் தரையில் வைத்த பொருளைப்போல நகராமல் நிற்கும். 2017-ல் ஆப்பிள் ஏ.ஆர்.கிட் என்பதையும், 2018-ல் கூகுள் ஏ.ஆர்.கோர் என்பதையும் வெளியிட்ட பிறகு, இதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை என்ற நிலை வந்துவிட்டது.

இனி வாதங்களுக்கு வருவோம். "இது விளையாட்டுச் சாமான்" என்பது முதல் வாதம். போகிமான் கோ வெளிவந்த 2016-ல் பிள்ளைகள் தெருத்தெருவாகப் போனைத் தூக்கிக்கொண்டு அலைந்த செய்தி எல்லோர் மனதிலும் நின்றுவிட்டது. ஏ.ஆர். என்றால் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டோம். ஆனால் அந்த விளையாட்டில் ஏ.ஆர். வசதியை அணைத்துவிட்டும் ஆடலாம். அது வரைபடத்தை வைத்து ஆடும் ஆட்டம். தொழில்நுட்பத்தின் முகமாக நாம் எடுத்துக்கொண்ட ஒன்று, அந்தத் தொழில்நுட்பம் இல்லாமலே நடக்கக்கூடியது. இந்த ஒரு ஆட்டத்தை வைத்து ஒரு துறைக்கே தீர்ப்பு எழுதியிருக்கிறோம்.

உண்மையில் இது பிறந்தது ஆய்வுக்கூடத்திலும் தொழிற்சாலையிலும். 1968-ல் ஐவன் சதர்லேண்ட் தலையில் மாட்டும் முதல் காட்சிக் கருவியைச் செய்தார். கூரையிலிருந்து இறங்கிய இயந்திரக் கை ஒன்று தலையின் அசைவை அளந்து சொல்ல வேண்டிய காலம் அது. ஆக்மென்டட் ரியாலிட்டி என்ற பெயரை 1990-களின் தொடக்கத்தில் வைத்தவர்கள் போயிங் விமானத் தொழிற்சாலையின் டாம் காடெலும் டேவிட் மிசெலும். விமானத்துக்குள் போகும் வயர்க் கட்டுகளைப் பெரிய பலகைகளில் வரிசைப்படி பூட்டும் தொழிலாளி, வரைபடத்தைப் பார்ப்பதும் பலகையைப் பார்ப்பதுமாகத் திணறினார். எந்த வயர் எந்த வழியில் போக வேண்டும் என்பதை அவர் கண்ணெதிரே, பலகைமேலேயே காட்டினால் என்ன என்ற கேள்வியில் பிறந்த பெயர் அது. கையில் கறை படிந்த ஓர் உழைப்பாளியின் சிரமத்தைத் தீர்க்கப் பிறந்ததைப் பணக்காரர் பொம்மை என்று சொல்வது வரலாற்றுக்கே ஒவ்வாது.

இன்றைக்கு உயிர் காக்கிற இடங்களிலும் அது வேலை செய்கிறது. தேஜஸ் போர் விமானத்தை ஓட்டுகிறவர் வேகத்தையும் உயரத்தையும் பார்க்கத் தலையைக் குனிவதில்லை. எதிரே உள்ள கண்ணாடியில், வானத்தின்மேல் எழுதியதுபோல அவை தெரிகின்றன. அந்தக் கருவியை உருவாக்கியது சண்டிகரில் உள்ள நம் அரசு ஆய்வகமான சி.எஸ்.ஐ.ஓ. மருத்துவமனைகளில் நரம்பு கிடைக்காத குழந்தைக்கு ஊசி போட ஒரு கருவி வந்திருக்கிறது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். அதை வைத்து ரத்தக்குழாய் ஓடும் பாதையைக் கண்டறிந்து, தோலின் மேலேயே வெளிச்சக் கோடாக வரைந்து காட்டுகிறது. காரை ரிவர்ஸ் எடுக்கும்போது திரையில் தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப வளைகின்றனவே, அதுவும் இதே குடும்பத்தின் எளிய பிள்ளைதான். சுண்ணாம்புக்கல் லாரிகள் இரவு பகலாக ஓடும் எங்கள் சாலைகளில், ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாத மூலையைக் காட்டும் ஒரு திரையை விளையாட்டு என்று யார் சொல்ல முடியும்?

இரண்டாவது வாதம் விலை. "கண்ணாடி மூன்று லட்சம். கூகுளே போட்டுப் பார்த்துத் தோற்றுவிட்டது." உண்மைதான். 1,500 டாலருக்கு வந்த கூகுள் கிளாஸின் பொதுமக்களுக்கான விற்பனை 2015 ஜனவரியில் நின்றது. தொழிற்சாலைகளுக்கென்று மறுபடி வந்து, 2023-ல் அதுவும் முடிந்தது. மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2 உற்பத்தி 2024-ல் நின்றது. அதே ஆண்டு வந்த ஆப்பிள் விஷன் புரோ 3,499 டாலர், நம் கணக்கில் ஏறக்குறைய மூன்று லட்சம் ரூபாய். இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை எல்லாம் முகத்தில் மாட்டும் கருவியின் தோல்விகள். போர் விமானத்தின் கண்ணாடியும், ஊசி போடும் கருவியும், கார்த் திரையும், செல்பேசியும் தோற்கவில்லை. கூகுள் லென்ஸைத் திறந்து ஆங்கிலப் பலகையின்மேல் காட்டினால், அந்தப் பலகையிலேயே தமிழ் எழுத்து வந்து உட்காருகிறது. அதற்காக யாரும் தனியாக எதையும் வாங்கவில்லை.

இங்கே ஒரு நேர்மையான தடையைச் சொல்லியாக வேண்டும். குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் ஜைராஸ்கோப் இருப்பதில்லை, ஏ.ஆர்.கோர் அவற்றில் ஓடாது. ஆனால் குறிப்பிட்ட ஒரு படத்தையோ அடையாளக் குறி அச்சிட்ட அட்டையையோ கேமராவால் கண்டுபிடித்து அதன்மேல் பொருத்திக் காட்டும் பழைய முறைக்கு அந்த உறுப்பு தேவையில்லை. ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோகாசு காட்டோ 1999-ல் ஏ.ஆர். டூல்கிட் என்ற மென்பொருளில் இதைச் செய்து காட்டி, அதன் மூலநிரலையும் உலகத்துக்குத் திறந்துவைத்தார். இன்று செயலி எதுவும் இறக்காமல், உலாவியிலேயே இது ஓடும். அதற்கான கருவிகளும் இலவசம். கையிலிருக்கும் போனுக்கு ஏற்ற முறையைத் தேர்ந்தெடுப்பது நம் பொறுப்பு. விலையைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்துவது சரியில்லை.

மூன்றாவது வாதம்தான் எல்லாவற்றுக்கும் தாய். "நகரத்துக்குச் சரி, கிராமத்தில் இதைக் காட்ட என்ன இருக்கிறது?" இதைக் கேட்கும்போதுதான் எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கிறது. கேட்கிறவர் நிற்கிற இடம் அப்படிப்பட்டது.

கீழப்பழுவூரில் ஆலந்துறையார் கோயில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம். அடுத்திருக்கும் மேலப்பழுவூர், கீழையூர்ப் பக்கத்தில் அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம் என்ற இரட்டைக் கோயில். சோழர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்து, போருக்குத் துணை நின்ற பழுவேட்டரையர்களின் தலைமையிடம் இது. பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கும் படம் பார்த்தவர்களுக்கும் பழுவூர் என்ற பெயர் மனப்பாடம். ஆனால் அந்த மனிதர்கள் உண்மையில் எழுதிவைத்துப்போன கல்வெட்டின் முன் நின்றால் நம்மில் எத்தனை பேரால் ஒரு வரி வாசிக்க முடியும்?

சோழர் காலக் கோயில் சுவர் ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அடித்தளமான அதிட்டானத்தின் பட்டிகையிலும் உருண்டைக் குமுதத்திலும் சுவரிலும் எழுத்து வரிவரியாக ஓடும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரம் குறிலா நெடிலா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. நடுநடுவே கிரந்தம் வரும். வரி திடீரென்று பிற்காலத்தில் கட்டிய சுவருக்குள் போய் மறையும். மேலே சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும். தமிழில் முதுகலை படித்தவரும் அங்கே எழுத்துத் தெரியாதவராகிவிடுகிறார்.

அந்தச் சுவரைப் பற்றிய அறிவு இல்லாமல் இல்லை. பழுவூர்க் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் அச்சாகியிருக்கின்றன. இரா. கலைக்கோவன் இந்த ஊர்க் கோயில்களை ஆராய்ந்து தனி நூலே எழுதியிருக்கிறார். ஆனால் தொகுதிகள் நூலகத்தில். படியெடுத்த தாள்கள் பல காலம் மைசூரில் கிடந்தன. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021-ல் உத்தரவிட வேண்டியிருந்தது. கல் இங்கே, அதன் பொருள் வேறெங்கோ. இந்தத் தூரத்தைக் கடக்கத்தான் ஏ.ஆர். இருக்கிறது.

போனைச் சுவருக்கு நேரே பிடிக்கிறோம் என்று வையுங்கள். முன்பே எடுத்துவைத்த படத்தோடு ஒப்பிட்டு, எந்தக் கல், எந்த வரி என்று அது கண்டுகொள்கிறது. தேய்ந்த எழுத்தின் விளிம்பு ஒவ்வொன்றும் கல்லின் மேலேயே மெல்லிய கோடாக ஒளிர்கிறது. அதன் கீழே இன்றைய எழுத்தில் அதே வரி, சொல் பிரித்து. சுவருக்குள் மறைந்த பகுதி பழைய படியில் இருந்தால், அது வேறு நிறத்தில். விரலால் ஒரு சொல்லைத் தொட்டால் பொருள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 90 ஆடோ 96 ஆடோ கொடுத்து, நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க ஏற்பாடு செய்யும் சோழர் காலக் கல்வெட்டுகள் ஏராளம். ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை அந்தக் கணக்கைத் தானே வாசித்து, ஆட்டுக்கும் நெய்க்கும் விளக்குக்கும் உள்ள பொருளாதாரத்தைத் தானே விளங்கிக்கொள்ளும். இரண்டாவது கல்வெட்டில் அந்தப் பிள்ளைக்குச் சில எழுத்துகள் போன் இல்லாமலே பிடிபடும்.

கோயிலோடு முடியவில்லை. எங்கள் காலடி மண்ணே ஓர் அருங்காட்சியகம். கிரெட்டேசியஸ் காலத்தில் இந்த நிலத்தின்மேல் கடல் இருந்தது. அந்தக் கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்று சிமென்ட் ஆலைகள் வெட்டி எடுக்கின்றன. இங்கே பொறுக்கிய புதைபடிவங்களை 1846-லேயே லண்டனில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் விவரித்து எழுதினார். 1860-களில் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை வரைபடமாக்கி, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பிரித்துப் பெயரிட்டார். உலகப் புவியியல் நூல்களில் அரியலூர் என்ற பெயர் நூற்றைம்பது ஆண்டுகளாக இருக்கிறது. அதே அரியலூரில் பள்ளி முடிக்கிற பிள்ளைக்கு அது தெரியாது.

தெரியாமல் இருப்பதன் விளைவை 2020 அக்டோபரில் கண்ணால் பார்த்தோம். பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி தூர்வாரும்போது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று செய்தி ஒரே நாளில் மாநிலம் முழுக்கப் பறந்தது. நிபுணர்கள் வந்து பார்த்து, அவை முட்டை இல்லை, அம்மோனைட் என்ற கடலுயிரின் படிவத்தோடு தொடர்புடைய உருண்டைகள் என்று விளக்க வேண்டியிருந்தது. ஊர் மக்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. கல்லைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல்லின் பக்கத்திலேயே விளக்கம் கிடைக்க வழியில்லை என்பதுதான் குறை.

வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போகும் மாணவர் சுருண்ட ஓர் ஓட்டைப் பார்க்கிறார், பெயரை வாசிக்கிறார், அடுத்ததற்கு நகர்கிறார். ஓட்டுக்குள் இருந்த உயிர் எப்படி இருந்தது? கணவாய் மீனின் உறவுக்காரப் பிராணி அது. ஓட்டின் வாய்ப்பக்கம் கைகளை நீட்டிக்கொண்டு நீந்தியது. போனைக் காட்டினால் அந்த ஓட்டிலிருந்தே உடல் வெளியே வந்து நீந்திக் காட்ட முடியும். கற்பனைக்கெட்டாத திட்டம் இல்லை இது. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2015-ல் ஸ்கின் அண்ட் போன்ஸ் என்ற செயலியால் இதைத்தான் செய்தது. பழைய எலும்புக்கூடுகளை இடம் மாற்றாமல், அவற்றின்மேலேயே தோலையும் தசையையும் போர்த்தி உயிரோடு நடமாட வைத்தது. இருக்கிற கூடத்தை இடித்துக் கட்டக் காசில்லாத அருங்காட்சியகத்துக்கு இதைவிட ஏற்ற வழி வேறு எது?

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு, மனதைப் பிசைகிற ஒன்று. அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் 1980-களில் யாதகிரி, அய்யாசாமி என்ற புவியியலாளர்கள் மாபெரும் டைனோசர் எலும்புகளைக் கண்டெடுத்துப் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள கால் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர். பூமியில் நடமாடிய மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று உலகம் பேசியது. ஆனால் அந்த எலும்புகள் மழைக்கும் ஈரத்துக்கும் நொறுங்கி, இன்று இல்லை. எஞ்சியவை வரைபடங்களும், பின்னர் 2022-ல் வெளியான பழைய புகைப்படங்களும்தான். வைத்துப் பார்க்க எலும்பே இல்லாத நிலையில், அதன் அளவை ஊர்ப் பிள்ளைகளுக்கு எப்படி உணர்த்துவது? பள்ளி மைதானத்தில் 2 மீட்டர் எலும்பை அதே அளவில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு மாணவரை நிற்கச் சொன்னால் போதும். அந்த எலும்புக்கு இனி இந்த மண்ணில் இருக்கக்கூடிய இடம் அது ஒன்றே.

வரலாறும் பாறையும் வயிற்றுக்குச் சோறு போடுமா என்று கேட்பார்கள். சரி, பிழைப்புக்கே வருவோம். எங்களைச் சுற்றிச் சிமென்ட் ஆலைகள். ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலைக்கு வெளியூரிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் வருகிறார்கள். ஆலையின் அமைப்பு அவர்களுக்குப் புதிது. ஒரு மோட்டாரைக் கழற்றும் முன் எந்தப் பேனலில் எந்த சுவிட்சை அணைத்துப் பூட்ட வேண்டும், எந்த வால்வை மூட வேண்டும் என்பதில் ஒரு தவறு நேர்ந்தால் கை போகும், உயிரும் போகும். அந்த விவரம் அலுவலகக் கோப்பில் ஆங்கிலத்தில் இருக்கிறது. பேனலின் மேலேயே, அணைக்க வேண்டிய சுவிட்சின் மேலேயே, தமிழில் முறைவரிசை தெரிந்தால்? போயிங் தொழிலாளியின் சிரமமும் இதுவும் ஒன்றேதான். ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளைகளுக்கு உயர் மின்னழுத்தப் பேனலைத் தொடாமலே பழக்குவதும் இந்த வழியில் முடியும்.

வயலுக்கு வாருங்கள். மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற ஊர்கள் இவை. பூச்சிமருந்து டப்பாவின் பொடி எழுத்தை வயதானவர்கள் யாரும் வாசிப்பதில்லை. டப்பாவில் ஒரு சாய்சதுரமும், அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறமும் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. கேமரா அந்த நிறத்தைக் கண்டு டப்பாவின்மேல் பெரிய தமிழ் எழுத்தில் எச்சரிக்கை காட்டுவதும், உரக்கச் சொல்வதும் சின்ன வேலை. ஆனால் ஏக்கருக்கு எத்தனை மில்லி என்ற அளவை இயந்திர மொழிபெயர்ப்பிடம் விட்டுவிடக் கூடாது. அது வேளாண் துறை சரிபார்த்த வாசகமாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் நான் ஏ.ஆர். விற்பவர்களோடும் சண்டைக்கு நிற்கிறேன்.

நான்காவது வாதம் கொஞ்சம் ஆழமானது. "உண்மையைப் பார்க்க வேண்டிய கண்ணைத் திரை பறித்துக்கொள்கிறது. கோயிலுக்குப் போயும் போனையே பார்க்கிறதா?" இந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: வாசிக்கத் தெரியாத கல்வெட்டின் முன் யாரும் நிற்பதே இல்லை. நேரே கருவறைக்குப் போய்விடுகிறோம். கல்லின் முன் நிற்கவைத்து, கல்லையே உற்றுப் பார்க்கவைக்கும் கருவி கண்ணைப் பறிக்கவில்லை. இதுவரை பார்க்காத இடத்துக்குக் கண்ணைத் திருப்புகிறது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய முடியாது என்பதே இதன் சிறப்பு. பாடநூலில் 2018 முதல் வந்த க்யூஆர் குறியீட்டோடு இதை ஒப்பிட்டு, அதைப்போல இதுவும் போகும் என்கிறார்கள். க்யூஆர் குறியீடு பக்கத்தை விட்டு நம்மை ஒரு வீடியோவுக்கு அனுப்புகிறது. பொருளோடு ஒட்டி நிற்க வேண்டும் என்று அஜுமா வகுத்த மூன்றாவது நிபந்தனையை அது நிறைவேற்றவில்லை. இரண்டும் ஒன்றாகாது.

திரையைவிடப் பெரிய ஆபத்து வேறு இருக்கிறது. எதிர்வாதம் செய்பவர்கள் அதைக் கவனிக்கவில்லை. பழுவூரில் பழுவேட்டரையர் அரண்மனையை ஏ.ஆரில் எழுப்பிக் காட்டுகிறேன் என்று யாராவது நாளை வரலாம். நாவலில் படித்த மாளிகையை, படத்தில் பார்த்த அலங்காரத்தோடு, உண்மையான மண்ணின்மேல் நிறுத்திவிடலாம். கதைப் புத்தகத்தில் இருந்தால் கதை என்று தெரியும். கண்ணெதிரே நிலத்தின்மேல் நின்றால் வரலாறாகிவிடும். இப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே 2006-ல் லண்டன் சாசனம் என்ற நெறிமுறையை அறிஞர்கள் வகுத்தார்கள். கணினியில் மீட்டுருவாக்கும்போது எது சான்றுள்ளது, எது ஊகம் என்பதைப் பார்ப்பவருக்கு வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்பது அதன் சாரம். சான்றுள்ள பகுதி திடமாக, ஊகம் வெறும் கோட்டுருவமாக, சான்றே இல்லாதது இல்லாமலே. எங்கள் ஊரில் எந்த ஏ.ஆர். வேலை நடந்தாலும் இதை முதல் விதியாக வைக்க வேண்டும்.

ஐந்தாவது, வேலை போய்விடும் என்ற பயம். வயரைப் பூட்டுவதும் போல்ட்டை முறுக்குவதும் கைதான். கோடு காட்டுவதால் கை தேவையற்றதாகிவிடாது. ஆனால் தொழிலாளியின் கண்ணருகே கேமரா வைத்தால் அதை வைத்து அவரைக் கண்காணிக்கலாம் என்ற அச்சம் நியாயமானது. பதிவாகும் காட்சி யாரிடம் போகிறது, எத்தனை நாள் இருக்கும், அதை வைத்துத் தண்டனை தரலாமா என்பதெல்லாம் கருவி உள்ளே வரும் முன்பே தொழிற்சங்கத்தோடு எழுத்தில் முடிவாக வேண்டும். இது கருவியைத் தடுக்கக் காரணம் ஆகாது. நிபந்தனை விதிக்கக் காரணம்.

நடைமுறைச் சிக்கல்களையும் மறைக்கவில்லை. உச்சி வெயிலில் திரை தெரியாது. ஜி.பி.எஸ். சில மீட்டர் தவறும் என்பதால் எந்தக் கல் என்று சொல்ல அது உதவாது. படத்தை ஒப்பிடும் முறைதான் வேண்டும். காலை வெயிலில் எடுத்த படத்தை வைத்து மாலை நிழலில் கல்லைக் கண்டுபிடிக்கப் போன் திணறும். பல வேளைகளில் படமெடுத்து வைக்க வேண்டும். குறி அச்சிட்ட அட்டை வைப்பதென்றால் தனித் தாங்கியில் வைக்க வேண்டும். பழங்கல்லின்மேல் பசை ஒட்டுவதை ஒருக்காலும் அனுமதிக்கக் கூடாது. சுரங்கப் பள்ளத்தின் ஓரத்தில் போனைப் பார்த்துக்கொண்டே நடக்கவிடக் கூடாது. சிக்னல் கிடைக்காத இடத்திலும் ஓடும்படி முன்பே இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி வேண்டும். இவை எல்லாம் தீர்வு தெரிந்த சிக்கல்கள்.

முதலில் சாலை, பிறகு இது என்ற வாதத்துக்கு என் கடைசி பதில். சாலைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு ரூபாயும் இதற்குத் தேவையில்லை. சுற்றுவட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட் செய்கிறார்கள். பெரும்பாலும் எங்கிருந்தோ எடுத்த தலைப்பு. செய்து முடித்ததும் பரணில் போய்விடும். அவர்களில் ஒரு குழு ஆலந்துறையார் கோயிலின் ஒரே ஒரு சுவரை எடுத்துக்கொள்ளட்டும். இன்னொரு குழு வாரணவாசியின் ஒரே ஓர் அம்மோனைட்டை எடுத்துக்கொள்ளட்டும். வேறொரு குழு ஐ.டி.ஐ.யின் ஒரு பேனலை. கோயில் நிர்வாகமும் தொல்லியல் துறையும் அனுமதியும் மேற்பார்வையும் தரட்டும். கல்வெட்டறிஞர் ஒருவர் வாசகத்தை வரிக்கு வரி சரிபார்க்கட்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் இந்தத் துறைக்கென்றே எக்ஸ்டிக் என்ற மையம் இயங்குகிறது, வழிகாட்டக் கேட்கலாம். தேவைப்படுவது பெரும் பணம் இல்லை. துல்லியமான தமிழ் வாசகமும், அதை எழுத முன்வரும் ஆட்களும்.

ஏனென்றால் இந்த அடுக்கு எப்படியும் எங்கள் ஊர்மேல் வந்து படியத்தான் போகிறது. கேமராவைத் திறந்தால் தகவல் காட்டும் போன்கள் ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருக்கின்றன. நாங்கள் எதையும் எழுதி வைக்காவிட்டால் அந்த இடம் காலியாகக் கிடக்காது. கடை விளம்பரமும், டைனோசர் முட்டை வதந்தியும், இல்லாத அரண்மனையும் அதை நிரப்பும். கீழப்பழுவூருக்கு ஏ.ஆர். எதற்கு என்று கேட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றால், கீழப்பழுவூரைப் பற்றி எழுதும் உரிமையை அறியாதவர்களிடம் நாமே தூக்கிக் கொடுத்தவர்களாவோம். கல்வெட்டைச் செதுக்கியவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதினார்கள். அந்தப் பொறுப்பு இப்போது நம்முடையது. இந்த ஆண்டே ஒரு சுவரிலிருந்து தொடங்குவோம்.